மாவுக்கட்டைப் பிரித்த பிறகு: மூன்று டைனோசர் வாலெலும்புகளைச் சுத்தம் செய்த அனுபவம்

ஆய்வக மேசை மேல் இருப்பது ஒரு பெரிய மாவுக்கட்டு. கை கால் முறிந்தால் ஆஸ்பத்திரியில் போடுகிற அதே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்தான். பேண்டேஜ் துணிக்குப் பதில் சணல் சாக்கு. இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத கனம் என்பதால் சங்கிலிக் கப்பி வைத்துத்தான் மேசைக்கு ஏற்றினோம். உள்ளே ஒரு சாரோபாட் டைனோசரின் வாலிலிருந்து மூன்று முள்ளெலும்புகள் அடுத்தடுத்து இருக்கின்றன. நீண்ட கழுத்தும் நீண்ட வாலும் கொண்ட பெரிய தாவர உண்ணிகளைத்தான் சாரோபாட் என்கிறோம். இவை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், மோரிசன் படிவு என்று அழைக்கப்படும் பாறை அடுக்கில் கிடைத்தவை. வயது ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகள்.

நான் புவியியல் படித்தவன் அல்ல. அருங்காட்சியக ஆய்வகத்தில் பயிற்சி பெற்று, வார இறுதிகளில் புதைபடிவங்களைத் தயார்செய்யும் தன்னார்வலன். ஊரிலிருந்து பேசுகிறவர்கள் பலரும், "பிரஷ்ஷை வெச்சு மண்ணைத் தட்டுறதுதானே?" என்று கேட்கிறார்கள். பிரஷ் இந்த வேலையில் மிகச் சிறிய பங்கு. பெரும்பகுதி நேரம் போவது, எலும்பு உடையாமல் பார்த்துக்கொள்வதிலும், அதற்குள் எந்தப் பசையை எவ்வளவு விடலாம் என்று முடிவெடுப்பதிலும். பூமிக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் தாங்கிய எலும்பு, வெளியே வந்த ஒரே பருவத்தில் தூளாகிவிடலாம். அதனால் எங்கள் ஆய்வகத்தில் எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. எலும்பின் மேல் எதைப் போட்டாலும் பிற்பாடு அதைத் திரும்ப எடுக்க முடிய வேண்டும். போட்டதை எழுதிவைக்கவும் வேண்டும். இந்த மூன்று எலும்புகளில் நாங்கள் செய்தது எல்லாமே அந்த விதியை ஒட்டித்தான்.

பிரிப்பதற்கு முன்

கட்டின் மேல் மார்க்கரில் எழுதியிருப்பதுதான் முதல் ஆவணம். குவாரியின் குறியீடு, வரிசை எண், தேதி, வடக்கைக் காட்டும் அம்புக்குறி, மண்ணில் கிடந்தபோது எது மேல்பக்கம் என்ற குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். ரம்பம் வைத்த பிறகு இந்த எழுத்துகள் துண்டுதுண்டாகிப் போகும் என்பதால் முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் தோண்டிய குழுவின் குறிப்பேட்டை வாங்கிப் படிக்க வேண்டும். எந்த எலும்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எங்கே விரிசல் பார்த்தார்கள், வயலிலேயே, அதாவது தோண்டிய இடத்திலேயே, என்ன பசை விட்டார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். எங்கள் கட்டுக்கு நல்ல குறிப்பு இருந்தது. நடு எலும்பின் மேல்முள் (முள்ளெலும்பின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) நாலைந்து துண்டாக உடைந்திருக்கிறது, அதில் பி-72 என்ற பசையை விட்டிருக்கிறோம் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். அந்த ஒரே வரி எனக்கு எத்தனையோ மணி நேரத்தை மிச்சப்படுத்தியது.

இது கூட்டரசின் நிலத்தில் எடுத்த எலும்பு. 2009இல் வந்த சட்டப்படி அங்கே கிடைக்கும் முதுகெலும்பி உயிரினங்களின் புதைபடிவங்கள் பொதுச்சொத்து. உரிமம் இல்லாமல் யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தவை அங்கீகாரம் பெற்ற காப்பகத்தில்தான் இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு துணுக்குக்கும் கணக்கு உண்டு.

அடுத்து, கதிரியக்கத்தைச் சத்தமிட்டுக் காட்டும் கைகர் கருவி. மோரிசன் எலும்புகளில் இது வழக்கமான சோதனை. கொலராடோ பீடபூமியில் யுரேனியம் அதிகம் தோண்டிய பாறை அடுக்குகளில் இதுவும் ஒன்று. நிலத்தடி நீரில் கரைந்து வந்த யுரேனியத்தைப் புதைந்த எலும்பு உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பெரும்பாலான எலும்புகளில் பயப்பட ஏதுமில்லை. ஆனால் தூளை மூச்சில் இழுப்பதும், மூடிய அலமாரியில் சேரும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவும் கவனிக்க வேண்டிய விஷயங்கள். எங்களுடையது சற்றே கூடுதலாகச் சத்தமிட்டது. அந்த அளவைக் குறித்துக்கொண்டு, தூசி உறிஞ்சும் குழாயை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்து வைத்தோம்.

மாவுக்கட்டைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த முறை வருவதற்கு முன், எலும்புகளைச் சாக்கில் அள்ளிப்போட்டுக் குதிரை வண்டியில் ஏற்றினார்கள். வந்து சேர்ந்தது பாதி தூள். 1876இல் புதைபடிவ அறிஞர் எட்வர்ட் காப்புடன் மொன்டானாவின் ஜூடித் ஆற்றுப் பகுதியில் தோண்டிய சார்லஸ் ஸ்டெர்ன்பெர்க்கிடம் பிளாஸ்டர் இல்லை. கையிலிருந்த அரிசியைக் குழைய வேகவைத்து, அந்தக் கெட்டிக் கஞ்சியில் துணியையும் சாக்கையும் முக்கி எலும்பைச் சுற்றினார்கள். காய்ந்ததும் அது ஓடாக இறுகிவிட்டது. பிளாஸ்டர் பின்னால்தான் பரவலானது. சோறு வடித்த கஞ்சியில் வேட்டிக்கு மொடமொடப்பு ஏற்றத் தெரிந்த நமக்கு அந்த யோசனை உடனே பிடிபடும்.

கட்டைப் பிரிக்க, எலும்பு மருத்துவர்கள் பயன்படுத்தும் அதிர்வு ரம்பம் போதும். அதன் பல் சுழலாது, இப்படியும் அப்படியும் அதிரும். கடினமானதை அறுக்கும், மெத்தென்றிருப்பதை விட்டுவிடும். எந்தப் பக்கத்தை முதலில் திறப்பது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வயலில் எலும்பின் மேல்பக்கத்தைத்தான் தோண்டிப் பார்க்கிறார்கள். அதற்கு ஈரக் காகிதம் பரப்பி, மேலே கட்டுப் போட்டு, சுற்றிலும் அடியிலும் குடைந்து, புரட்டி, அடிப்பக்கத்துக்கும் மூடி போடுகிறார்கள். புரட்டியபின் மேலே வருவது யாரும் இதுவரை பார்க்காத அடிப்பக்கம். அதே நிலையில்தான் கட்டு ஆய்வகத்துக்கு வருகிறது. ஆகவே முதலில் அறுப்பது அந்த மூடியைத்தான். கீழே இருக்கும் பாதி கடைசி வரை தொட்டிலாக இருந்து எலும்பைத் தாங்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிரித்துப் போட்டால் எலும்புக்குப் பிடிமானமே இருக்காது.

மூடியை எடுத்ததும் பாறை இன்னும் ஈரமாக இருந்தது. மேலே பாலிதீன் தாளைத் தளர்வாகப் போர்த்தி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டோம். விசிறி கிடையாது, சூடான காற்று கிடையாது. சீக்கிரம் காய்ந்தால் களிமண் சுருங்கும். சுருங்கும்போது ஒட்டியிருக்கும் எலும்பையும் சேர்த்து இழுத்துப் பிளந்துவிடும்.

களிமண்ணின் குணம்

மோரிசன் சேற்றுப்பாறை சாம்பல், பச்சை, ஊதா எனப் பல நிறத்தில் அழகாக இருக்கும். அதில் எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான ஸ்மெக்டைட் வகைக் களிமண் நிறைய உண்டு. தண்ணீர் பட்டால் ஊதிப் பெருக்கும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். எலும்பின் நுண்துளைகளுக்குள்ளும் விரிசல்களுக்குள்ளும் அதே களிமண் புகுந்திருப்பதால், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் எலும்பு உள்ளிருந்தே பிளக்கும். வீட்டில் எதையாவது சுத்தம் செய்வதென்றால் கை முதலில் குழாயைத் தேடும். இங்கே அந்தப் பழக்கத்தை மறந்துவிட வேண்டும். களிமண்ணை இளக்க நாங்கள் பயன்படுத்துவது எத்தனால். அதையும் ஊற்றுவதில்லை, சிறிய பிரஷ்ஷில் தொட்டு ஓரிடத்தில் மட்டும் வைத்து, இளகியதும் மூங்கில் குச்சியால் வழித்தெடுக்கிறோம்.

எலும்பு எது, பாறை எது என்று பிரித்தறிவது இந்த மாதிரியில் சுலபமாக இருந்தது. பாறை பச்சை கலந்த சாம்பல் நிறம். எலும்பு கருப்புக்குப் பக்கத்தில் வரும் கரும்பழுப்பு. அதன் விரிசல்களில் வெள்ளை வெள்ளையாகக் கால்சைட் கோடுகள். சந்தேகம் வந்தால் நுண்ணோக்கிக்கு அடியில் பார்க்க வேண்டும். எலும்பின் துளைகளுக்கு ஓர் ஒழுங்கு தெரியும், பாறையில் தெரியாது. சில குவாரிகளில் இரண்டும் ஒரே நிறம். அங்கே வேலை செய்கிறவர்களின் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

எடுத்த மண்ணை வீசுவதில்லை. எலும்பை ஒட்டிய மண்ணைத் தனிப் பையில் போட்டு எண் எழுதிவைக்கிறோம். அதில் சின்னப் பல்லி எலும்போ, மீன் செதிலோ, உடைந்த பல்லோ இருக்கலாம். எலும்பு படிந்த சூழலைப் பற்றியும் அந்த மண்தான் சொல்லும்.

பசை

இனி வருவதுதான் இந்தப் பதிவை எழுத வைத்த பகுதி.

நாங்கள் முக்கியமாகப் பயன்படுத்துவது பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின். ஜவ்வரிசி அளவில் கண்ணாடி போன்ற மணிகளாக வரும். அசிட்டோனில் கரையும். காய்ந்தபின் மஞ்சளாகாது, பல பத்தாண்டுகளுக்கு அப்படியே இருக்கும். எவ்வளவு காலம் கழித்தும் மறுபடி அசிட்டோனில் கரைத்து எடுத்துவிடலாம் என்பதுதான் அதன் பெரிய குணம். பீங்கான், கண்ணாடி, பழம்பொருள் பராமரிப்பவர்களும் இதையேதான் வைத்திருக்கிறார்கள்.

கரைப்பதற்கு ஒரு சின்ன உத்தி: மணிகளை நேரே ஜாடியில் போட்டால் அடியில் ஒட்டிக் கட்டியாகிவிடும். மெல்லிய மல் துணியில் முடிச்சாகக் கட்டி, அசிட்டோனின் மேல்மட்டத்தில் தொங்கவிட்டு மூடி வைத்தால், கரைந்த பிசின் கனமாகி இழையிழையாகக் கீழே இறங்குவதைப் பார்க்கலாம். மறுநாள் தயாராக இருக்கும். எலும்புக்குள் ஊறவிட 100 மி.லி. அசிட்டோனுக்கு 2 முதல் 5 கிராம் வரை. உடைந்ததை ஒட்டும் பசைக்கு அதே 100 மி.லி.க்கு 50 கிராம், தேன் பதத்தில். ஜாடியின் மேல் அளவையும் தேதியையும் எழுதாமல் அலமாரியில் வைக்க எங்கள் ஆய்வகத்தில் அனுமதி இல்லை.

ஊறவிடுவதில்தான் நிதானம் தேவை. முதலில் வெறும் அசிட்டோனைச் சில துளிகள் விடுகிறேன். அது விரிசல்களை நனைத்து வழி திறக்கும். பின்னாலேயே மெல்லிய கரைசல், பைப்பெட்டில் துளித்துளியாக. எலும்பு தானாகக் குடிக்கும். குடிப்பது நின்றதும் நானும் நிறுத்திவிடுவேன். மேலே தேங்கிய பசை உள்ளே போகாது, பளபளவென்று தோலாகக் காயும். கெட்டிக் கரைசலை எடுத்தவுடன் ஊற்றினால் இதுதான் நடக்கும்: வெளியே உறுதியான தோல், உள்ளே பொடி. பார்க்கத் திடமாக இருக்கும், தூக்கும்போது உடையும். இன்னொன்றும் உண்டு. அசிட்டோன் வேகமாக ஆவியாகும்போது உள்ளே போன பிசினையும் மேற்பரப்புக்கு இழுத்து வரும். அதனால் ஊறவிட்ட இடத்தின் மேல் பாலிதீன் துண்டைப் போர்த்தி, ஆவியாவதை மெதுவாக்குகிறோம். மிஞ்சிய பளபளப்பை அசிட்டோனில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்துவிடலாம்.

ஈரப்பதத்தையும் சூட்டையும் பற்றி, குறிப்பாக நம் ஊரில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்காக: அசிட்டோன் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும், காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அது அங்கே படிந்து பிசினை வெள்ளைப் படலமாக்கும். எலும்பு ஈரமாக இருந்தாலும் அப்படியே. யூட்டாவின் வறண்ட காற்றில் எங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. மழைக்காலத்தில் கடலோர ஊரில் இது பெரிய சிக்கலாகும். பி-72 இளகத் தொடங்குவது 40 டிகிரி செல்சியஸ் வாக்கில் என்பதால், கோடை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் ஒட்டிய கனமான துண்டு மெல்ல நழுவும். அந்த மாதிரி இடங்களில் பியூட்வார் பி-76 என்ற வேறு பிசின் உதவும். அது இன்னும் கொஞ்சம் கூடுதல் சூடு தாங்கும்.

ஃபெவிகுவிக் போன்ற சூப்பர் குளூ வேண்டாமா என்று கேட்பார்கள். நொடியில் ஒட்டும், விரிசலுக்குள் தண்ணீரைப் போல ஓடும், உண்மைதான். வயலில் கல்லாய் இறுகிய புதைபடிவங்களுக்கு அதைப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இறுகியபின் அதைக் கரைத்தெடுப்பது பெரும்பாடு. எடுக்கப் போனால் எலும்பின் மேல்தோலும் சேர்ந்து வரும். ஒரு துண்டு அரை மில்லிமீட்டர் தள்ளி ஒட்டிக்கொண்டாலும், அடுத்தடுத்த துண்டுகள் எதுவும் சரியாகப் பொருந்தாது. பி-72 என்றால் அசிட்டோன் தொட்டு, கழற்றி, திரும்ப ஒட்டலாம். அதனால்தான் நான் அதன் பக்கம்.

பழைய முறை எப்படி இருந்தது என்பதும் என் கைக்கு வந்தது. இந்த வேலைக்கு நடுவே, பல பத்தாண்டுகளுக்கு முன் எடுத்த ஒரு விலா எலும்பை என்னிடம் கொடுத்தார்கள். அதன் மேல் பூசியிருந்தது அரக்கு. மரச்சாமானுக்கு பாலிஷ் போடுகிற அதே அரக்கு. அன்றைக்கு அவர்களிடம் இருந்ததிலேயே நல்லது அதுதான். காலப்போக்கில் அது கறுத்து, நொறுங்கி, சுருங்கிச் செதிள் செதிளாக உரிந்திருந்தது. ஒவ்வொரு செதிளோடும் எலும்பின் மேல்தோல் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. எத்தனாலில் நனைத்த பஞ்சை வைத்து, மேலே பாலிதீனால் மூடி, இளகியபின் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டியிருந்தது. எங்கே என்ன பூசினார்கள் என்று ஒரு காகிதத் துண்டு இருந்திருந்தால் இதில் பாதி வேலை குறைந்திருக்கும்.

பசை விடும் இந்த நேரங்களில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது நம் கல்லமேடு. அரியலூர்ப் பக்கம், அன்றைய திருச்சி மாவட்டத்தில், கல்லமேட்டுக்கு அருகே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் மிகப் பெரிய எலும்புகளைக் கண்டெடுத்து, 1987ஆம் ஆண்டுத் தொகுதியில் வெளிவந்த கட்டுரையில் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். அதில் ஒரு கீழ்க்கால் எலும்பின் நீளம் 2 மீட்டர். அர்ஜென்டினோசாரஸ் என்ற புகழ்பெற்ற ராட்சத சாரோபாடின் கீழ்க்கால் எலும்பு ஒன்று 1.55 மீட்டர்தான். முதலில் ஊனுண்ணி என்று வகைப்படுத்தியது பின்னர் சாரோபாட் என்று மாறியது. மிகப் பெரிய நிலவிலங்குகளில் ஒன்று என்று சிலர் சொன்னார்கள், கல்லான மரமோ என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். மறுபடி எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் அந்த எலும்புகள் சிதைந்து போய்விட்டன. 2017இல் அது அச்சில் பதிவானது. மிஞ்சியவை சில வரைபடங்களும் படங்களும். மழையில் ஊறியும் வெயிலில் காய்ந்தும் நொய்ந்துபோன எலும்பை வெளியே எடுத்துக் காப்பாற்றுவது இன்றைய பொருள்களோடும் கடினம் என்பதை இந்த மேசையில் உட்கார்ந்து பார்க்கிறேன். அன்று தோண்டியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த இழப்பு எனக்கு வலிக்கிறது. நம் மண்ணில் அடுத்த எலும்பு கிடைக்கும்போது, பிசின் ஜாடியும் அதைக் கையாளத் தெரிந்த ஆளும் குழியின் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பாறையை எடுப்பது

மேலே தடியாக இருந்த பாறையை எடுக்க ஏர் ஸ்கிரைப். அழுத்தக் காற்றில் ஓடும் பேனா மாதிரியான கருவி. கார்பைடு முனை நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை முன்னும் பின்னும் அடிக்கும். பாறையைச் சுரண்டுவதில்லை, எலும்புக்கும் பாறைக்கும் இடையே இருக்கும் இயல்பான பிரிவில் அதிர்வைக் கொடுத்து, சில்லு சில்லாகத் தெறிக்க வைக்கிறோம். எலும்பை நெருங்கியதும் கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டரை விட்டுவிட்டு ஊசிக்கு மாறிவிடுவேன். பின் வைஸ் என்ற கைப்பிடியில் பொருத்திய கார்பைடு ஊசி, நுண்ணோக்கி, பொறுமை. பல் மருத்துவரின் கொக்கிகளும் உதவும்.

அதிர்வு கொடுப்பதற்கு முன் சுற்றியுள்ள விரிசல்கள் எல்லாம் பசையால் இறுகியிருக்க வேண்டும். எலும்புக்கு அடியில் மணல் பைகள் சரியாக முட்டுக்கொடுத்திருக்க வேண்டும். தொங்கிக்கொண்டிருக்கும் எந்த முனையிலும் ஸ்கிரைப்பை வைக்கக் கூடாது. கொஞ்சம் திறப்பது, பசை விடுவது, காயவிடுவது, அப்புறம் மேலும் கொஞ்சம் திறப்பது என்று வேலை நகரும். காயக் காத்திருக்கும் நேரத்தில் அடுத்த எலும்புக்குப் போய்விடலாம். மூன்று எலும்புகள் ஒரே கட்டில் இருந்தது அந்த வகையில் வசதி.

மேல்முள்ளின் சொரசொரப்பான பரப்பில் ஊசியும் எட்டவில்லை. அங்கே காற்றோடு தூளைப் பீய்ச்சும் சின்னக் கருவியைப் பயன்படுத்தினோம். எந்தத் தூள் என்பதை மோஸ் கடினத்தன்மை அளவு முடிவு செய்யும். சமையல் சோடா 2.5, டாலமைட் 3.5 முதல் 4, எலும்பின் அபடைட் கனிமம் 5. பாறையைவிடக் கடினமாகவும் எலும்பைவிட மென்மையாகவும் இருக்க வேண்டும். எங்கள் சேற்றுப்பாறைக்கு சோடாவே போதுமானதாக இருந்தது. முடிந்ததும் அதன் தூளை மிச்சமில்லாமல் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். ஈரம் பட்டால் உப்பாகப் பூக்கும்.

பாதுகாப்பில் சமரசமே கிடையாது. இந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. கல்குவாரித் தொழிலாளர்களின் நுரையீரலைத் தின்னும் அதே சிலிக்கோசிஸ் இங்கேயும் வரும். தூசி உறிஞ்சி ஓடாமல் யாரும் ஸ்கிரைப்பைத் தொடுவதில்லை. நல்ல முகமூடி, கண்ணாடி, காதடைப்பான் மூன்றும் வேண்டும். அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும். சாதாரண நீல நைட்ரைல் கையுறையை அது சீக்கிரமே ஊடுருவிவிடும், அதை நம்பிக் கையை நனைக்கக் கூடாது. பியூட்டைல் ரப்பர் கையுறைதான் தாங்கும்.

நடு எலும்பின் உடைந்த மேல்முள்ளைச் சேர்த்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. துண்டுகளை முதலில் பசையில்லாமலே பொருத்திப் பார்த்து, வரிசையைக் காகிதத்தில் வரைந்துகொண்டோம். எந்த இரண்டை முதலில் ஒட்டினால் மூன்றாவது உள்ளே நுழைய இடமில்லாமல் போகும் என்பது அப்போதுதான் தெரியும். உடைந்த முகங்களில் ஒட்டியிருந்த களிமண்ணை நுண்ணோக்கியில் பார்த்து எடுத்து, மெல்லிய கரைசலை ஒரு முறை பூசிக் காயவைத்து, பிறகு கெட்டிப் பசையை வைத்துச் சேர்த்தோம். மணல் தட்டில் எலும்பைச் சாய்த்து, அடுத்த துண்டு தன் எடையாலேயே சரியான இடத்தில் உட்காரும்படி கோணம் பார்த்து வைத்துவிட்டால் கையால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஓரிடத்தில் எலும்பே இல்லை. அந்த இடைவெளியை அப்படியே விட்டால் மேல்துண்டு நிற்காது. பி-72வில் நுண் கண்ணாடிக் கோளத் தூளைக் குழைத்து, தாங்குவதற்குத் தேவையான அளவு மட்டும் நிரப்பினோம். நிறத்தை எலும்பைவிட ஒரு படி வெளிறியதாக வைத்தோம். எது எலும்பு, எது நாங்கள் வைத்தது என்று பார்த்தவுடனே தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரியாதபடி ஒட்டுப்போடுவதைத் திறமை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆராய்ச்சிக்கு வரும் எலும்பில் அது ஏமாற்று வேலை என்பது என் கருத்து.

எங்கே நிறுத்துவது

முழுக்கச் சுத்தம் செய்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம் என்று இல்லை. முதல் இரண்டு முள்ளெலும்புகளும் உயிரோடிருந்தபோது இருந்த கோணத்திலேயே ஒன்றையொன்று ஒட்டியிருந்தன. நடுவே விரல் நுழையாத இடைவெளியில் பாறை. அதற்குக் கீழே, வாலின் அடிப்புறம் இரத்தக் குழாய்களைக் காக்கும் செவ்ரான் என்ற கவட்டை வடிவ எலும்பு, தன் இடத்திலிருந்து கொஞ்சமே விலகிக் கிடந்தது. அந்தப் பாறையை எடுத்தால் இரண்டு எலும்புகளும் தனித்தனியாக அழகாக நிற்கும்; ஆனால் அவை எப்படிக் கிடந்தன என்ற தகவல் போய்விடும். ஆய்வகத் தலைவரும் இதை ஆராயப்போகும் அறிஞரும் வந்து பார்த்தார்கள். வெகுநேரம் பேசியபின், பாறையை அப்படியே விடுவதென்று முடிவானது. தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம்.

யூட்டா-கொலராடோ எல்லையில் இருக்கும் டைனோசர் தேசிய நினைவிடத்துக்குப் போனவர்களுக்கு இந்த முடிவு எளிதில் புரியும். 1909 ஆகஸ்ட் 17 அன்று ஏர்ல் டக்ளஸ் அங்கே முதலில் கண்டதும் வாலெலும்புகள்தான், எட்டு எலும்புகள் வரிசை கலையாமல். கார்னெகி அருங்காட்சியகத்துக்காகப் பல ஆண்டுகள் தோண்டினார்கள். அதன்பின் மிஞ்சிய பாறைச் சுவரில், எலும்புகளைச் சுற்றி மட்டும் கல்லைக் குறைத்துவிட்டு, ஏறத்தாழ 1500 எலும்புகளைக் கிடந்த இடத்திலேயே விட்டிருக்கிறார்கள். ஆற்று வெள்ளம் அவற்றை எப்படி ஒன்றன் மேல் ஒன்றாகக் குவித்தது என்பது அந்தச் சுவரில் அப்படியே தெரிகிறது.

இன்னொரு நிறுத்தமும் உண்டு. மூன்றாவது எலும்பின் ஓரத்தில் தானாகக் கழன்று வந்த கட்டைவிரல் அளவுத் துண்டு ஒன்றுக்கு நாங்கள் எந்தப் பசையும் விடவில்லை. வேதியியல் சோதனை செய்ய வருகிறவர்களுக்கு, பிசின் படாத எலும்பு வேண்டும். அதை அலுமினியத் தாளில் சுற்றி, "எதுவும் பூசப்படவில்லை" என்று எழுதி, தனிக் குப்பியில் வைத்தாயிற்று.

பிறகு படுக்கை. மேல்பக்கம் முடிந்ததும் எலும்பின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளும் பஞ்சும் பரப்பி, ஜிப்சம் சிமென்டும் கண்ணாடி இழையும் கலந்து ஓடு போல ஒரு தொட்டில் வார்த்தோம். இறுகியதும் உட்புறம் பாலிஎதிலின் நுரைத் தாளை ஒட்டினோம். அந்தத் தொட்டிலைப் பழைய கட்டோடு பட்டையால் கட்டி, நாலு பேர் சேர்ந்து ஒரே மூச்சில் புரட்டினோம். இப்போது எலும்பு புதிய தொட்டிலில், வயலில் யாரோ முதலில் பார்த்த பக்கம் மேலே. பழைய மாவுக்கட்டைக் கழற்றி அந்தப் பக்கத்தையும் அதே முறையில் சுத்தம் செய்தோம். அங்கே வயலில் விட்ட பி-72 இன்னும் தெளிவாக இருந்தது. கொஞ்சம் அதிகமாகத் தேங்கிய இடங்களை அசிட்டோனால் குறைத்தோம், அவ்வளவுதான்.

பதிவேட்டில் இதற்கென்று எழுதியதில் ஒரு பகுதி, வடிவம் தெரிவதற்காக:

"முள்ளெலும்பு 2, மேல்முள். பாரலாய்டு பி-72, அசிட்டோனில் 5 கிராம்/100 மி.லி., பைப்பெட்டால் விரிசல்களில் மட்டும். துண்டுகள் அ முதல் உ வரை அதே பிசினில் 50 கிராம்/100 மி.லி. கொண்டு ஒட்டப்பட்டன. இ, ஈ துண்டுகளுக்கு நடுவே நிரப்பு: பி-72, கண்ணாடி நுண்கோளம். சமையல் சோடாத் தூள் இடப்பக்கம் மட்டும். வலப்பக்க மேற்பரப்பில் கருவித் தடம் இல்லை. முன்பின் படங்கள் இணைப்பில்."

இன்றைய நிலை: மூன்று எலும்புகளும் செவ்ரானும் தொட்டிலோடு காப்பறைக்குப் போய்விட்டன. காற்றோட்டம் உள்ள திறந்த அடுக்கில் வைத்திருக்கிறார்கள், ரேடான் காரணமாக. ஈரப்பதம் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ளும் அறை அது. சில மாதங்கள் கழித்து ஒட்டுகள் நழுவியிருக்கின்றனவா, புதிய விரிசல் ஏதும் தெரிகிறதா என்று படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எலும்பைச் சுற்றி எடுத்த மண் பைகள் இன்னும் சலிக்கப்படவில்லை. அந்த வேலையை அடுத்து நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.